கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்

ஐப்பசி பௌர்ணமி அன்று கங்கைகொண்ட சோழபுரம் கோயிலில் நிற்க இடம் கிடைக்காது. பதின்மூன்று அடி உயர லிங்கம். அதை மூடுவதற்கு நூறு மூட்டை அரிசியைச் சோறாக வடிக்கிறார்கள். காலையில் ஆரம்பித்த வேலை சாயங்காலம்தான் முடிகிறது. ராத்திரி அந்தச் சோறுதான் பிரசாதம். ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், மீன்சுருட்டி என்று சுற்றுவட்டாரமே தூக்குவாளியோடு வந்துவிடும். வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்களில் பலர் அன்றைக்கு ஊர் திரும்புவார்கள்.

நானும் போயிருந்தேன். கூட வந்தவர் எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய ஓர் அக்கா. கிராம சுகாதார செவிலியராக இந்தப் பக்கத்து முந்திரிக்காட்டு ஊர்களில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரோடு கோயிலுக்குப் போனால் சாமி பார்க்க முடியாது. பத்தடிக்கு ஒரு பெண் "நர்சம்மா!" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். "இவன்தாம்மா நீங்க பார்த்த புள்ள" என்று மீசை வைத்த வாலிபன் ஒருவனை முன்னால் தள்ளுவாள்.

சிங்கமுகக் கிணற்றுக்குப் பக்கத்தில் புல்தரையில் உட்கார்ந்திருந்தோம். அப்படி வந்து சேர்ந்தவள்தான் அந்தப் பெண். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். இடுப்பில் ஒன்றரை வயசுக் குழந்தை. புருஷனுக்குக் கட்டட வேலை. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், நகரத்துக் குடிசைகளைக் காலி செய்து கொண்டுபோய் வைத்தார்களே, அந்த மாதிரி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். இவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை.

"உடம்பு ஏன் இப்படி இளைச்சுட்டே?" என்று அக்கா கேட்டார். அவள் சொன்னாள்.

பிரசவம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். ஊர் பேர் வேண்டாம். நல்லபடியாகத்தான் பார்த்தார்களாம். ஆனால் அதற்குப் பிறகு மாசா மாசம் தாங்க முடியாத ரத்தப்போக்கு, இடுப்பு வலி. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். ஏழு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனாள். ஸ்கேன் எடுத்த டாக்டர் கேட்டாராம்: "காப்பர் டி இருக்கேம்மா, உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது.

"யாரும் சொல்லலியா?" என்றார் அக்கா.

"ஏதோ காகிதத்துல கையெழுத்து வாங்குனாங்க நர்சம்மா. அந்த வலியில என்னத்தப் படிக்கிறது?"

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லதுக்குத்தானே பண்ணியிருக்காங்க? உடனே இன்னொண்ணு தரிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்றார்.

"அதைத்தாங்க நானும் சொல்றேன். எனக்கும் இப்ப இன்னொண்ணு வேணாம்னுதான் இருந்துச்சு. கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கலியே!"

அந்தக் 'கேக்கலியே' என்னை விடவில்லை. யோசித்துப் பாருங்கள். அவள் என்ன விரும்பினாளோ அதுதான் நடந்திருக்கிறது. கேட்டிருந்தாலும் இதே காப்பர் டிதான். பிறகு கேட்காததில் என்ன தப்பு? ஒரு கேள்வி குறைந்ததைத் தவிர வேறு என்ன நஷ்டம்?

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. நம் தேசத்தில் ஏழைகளுக்குச் செய்யப்பட்ட எத்தனையோ நல்ல காரியங்களின் கதை இதுதான். கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதனால் கேட்கவில்லை.

குடும்பக் கட்டுப்பாடு என்பதை ஓர் அரசாங்கத் திட்டமாக 1952-லேயே ஆரம்பித்த நாடு இது. உலகத்திலேயே முதலில். அதிலும் நம் மதராஸ் ராஜ்யத்துக்குத் தனிப் பெருமை உண்டு. 1950-களின் பிற்பகுதியிலேயே ஆபரேஷன் செய்துகொள்பவருக்குப் பணம், அவரை அழைத்து வருபவருக்கும் பணம் என்ற ஏற்பாடு இங்கே வந்துவிட்டது. தலைமைச் செயலாளராக இருந்த ஆர்.ஏ.கோபாலஸ்வாமி அதில் தீவிரமாக இருந்தார். நோக்கம் கெட்டதில்லை. ஆனால் அழைத்து வருகிறவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஆனபிறகு, வருகிறவருக்குப் பெயர் போய்விடுகிறது. அவர் 'கேஸ்' ஆகிவிடுகிறார்.

1965-ல் 'லூப்' வந்தது. பிளாஸ்டிக் வளையம். லட்சக்கணக்கான பெண்களுக்குப் பொருத்தினார்கள். சிலருக்கு ரத்தப்போக்கு இருக்கும், வலி இருக்கும், அப்படி இருந்தால் திரும்பி வா, பார்க்கிறோம் என்று சொல்ல ஆளில்லை. வந்தாலும் பார்க்க ஆளில்லை. ஊர் ஊராக வதந்தி கிளம்பியது. இரண்டு மூன்று வருஷத்தில் லூப் திட்டம் படுத்துவிட்டது. குறை வளையத்தில் இருந்ததைவிட, பொருத்திய பிறகு திரும்பிப் பார்க்காததில் அதிகம் இருந்தது.

பிறகு எமர்ஜென்சி. 1976-77 என்ற ஒரே வருஷத்தில் 82 லட்சம் கருத்தடை ஆபரேஷன்கள். பெரும்பாலானவர்கள் ஆண்கள். போலீஸ் துரத்தியது, பஸ்ஸை நிறுத்திப் பிடித்தது எல்லாம் நாம் கேட்டதுதான். அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று டெல்லியின் குடிசைவாசிகளுக்கு நடந்தது. குடிசையை இடித்துவிட்டு மாற்று மனை தருகிறோம் என்றார்கள். மனை வேண்டுமென்றால் கருத்தடைச் சான்றிதழ் காட்டு. எம்மா டார்லோ என்ற மானுடவியலாளர் டெல்லியின் வெல்கம் காலனியில் இருந்து இதைப் பற்றி ஆராய்ந்து 2003-ல் ஒரு புத்தகம் எழுதினார். தான் ஆபரேஷன் செய்துகொள்ள விரும்பாதவன், தன்னைவிட ஏழையான ஒருவனுக்குப் பணம் கொடுத்து அவனைச் செய்துகொள்ள வைத்து, அந்தச் சான்றிதழைக் காட்டி மனை வாங்கியிருக்கிறான். ஏழையின் உடம்பை இன்னொரு ஏழை விலைக்கு வாங்கியிருக்கிறான். கடைசிவரை காகிதத்தில் எல்லோருமே 'சம்மதித்தவர்கள்'தான்.

அதற்குப் பிறகு எந்த அரசாங்கமும் ஆண்களின் பக்கம் போகப் பயந்தது. பாரம் முழுக்கப் பெண்கள் தலையில் விழுந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 37.9 சதவிகிதம். ஆண்களின் ஆபரேஷனை நம்பியிருப்பவர்கள் 0.3 சதவிகிதம். தமிழ்நாட்டில் பெண்களின் கணக்கு பாதியைத் தாண்டுகிறது. அக்கா ஒருமுறை சொன்னார்: "ஆம்பளைக்குப் பத்து நிமிஷ வேலை. தையல்கூடக் கிடையாது. ஆனா முப்பது வருஷத்துல நான் கூட்டிட்டுப் போன ஆம்பளைங்களை ரெண்டு கை விரல்ல எண்ணிடலாம்."

கேட்காமல் செய்வதன் எல்லை எது என்பதை 2014 நவம்பர் 8 காட்டியது. சத்தீஸ்கர் மாநிலம், பிலாஸ்பூர் பக்கத்தில் ஒரு முகாம். பூட்டிக் கிடந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஒரே டாக்டர், சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். அடுத்த சில நாட்களில் பதின்மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். எல்லோரும் ஏழைகள். அதற்கு முன்பே, 2012 ஜனவரியில், பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டார்ச் லைட் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்குச் செய்திருந்தார்கள். அதை எதிர்த்து தேவிகா பிஸ்வாஸ் என்ற சமூகப் பணியாளர் போட்ட வழக்கில்தான் 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மூன்று வருஷத்துக்குள் இந்த முகாம் முறையையே நிறுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

83 பேரை ஒரு மதியத்தில் முடிக்க வேண்டுமென்றால் ஒருவருக்குச் சில நிமிஷம்தான். அந்தச் சில நிமிஷத்தில் எதை முதலில் வெட்டுவார்கள்? பேச்சைத்தான். பிறகு கையுறை மாற்றுவதை. பிறகு கருவியைச் சுத்தம் செய்வதை. நாம் 'மரியாதை' என்று நினைப்பதும் 'மருத்துவம்' என்று நினைப்பதும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். ஒன்றை விட்டால் மற்றது தானாக நழுவும்.

தமிழ்நாடு பிலாஸ்பூர் இல்லை என்பீர்கள். உண்மை. நம் ஆஸ்பத்திரிகள் எவ்வளவோ மேல். கட்டாயப்படுத்தாமலே பிறப்பு விகிதத்தைக் குறைத்த ஊர் என்று அமர்த்தியா சென் நம்மை உதாரணம் காட்டியிருக்கிறார். 1979-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.5 குழந்தைகள். 1991-ல் 2.2. ஒரு குழந்தைச் சட்டம் போட்ட சீனா அதே காலத்தில் 2.8-லிருந்து 2.0-க்குத்தான் வந்தது. பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், பிறந்த குழந்தைகள் பிழைத்தன. அதனால் தாங்களே 'போதும்' என்றார்கள்.

இந்த விஷயத்தை யாருக்காகப் பேசுகிறோம் என்பதிலும் நமக்கு ஒரு நல்ல மரபு இருக்கிறது. 1930-களிலேயே பெரியார் கர்ப்பத்தடை பற்றிப் பேசினார். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் குடும்பச் சொத்துக்காகவும் கேட்கிறார்கள், நாம் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்று அவர் பிரித்துச் சொன்னார். சென்னையில் குழந்தை பெற்ற இந்தப் பெண்ணின் 'கேக்கலியே'க்கும் அதற்கும் நேர்க்கோடு போட்டுவிடலாம்.

அக்காவின் கட்சியையும் சொல்ல வேண்டும். அவர் கல் நெஞ்சுக்காரர் இல்லை.

"நீ சுலபமா சொல்லிடுவே. பிரசவ வார்டுல ஒரு ராத்திரி நின்னு பாரு. பத்து பேரு கத்திக்கிட்டு இருப்பாங்க. ஒவ்வொருத்திகிட்டயும் உட்கார்ந்து விளக்க நேரம் ஏது? கேட்டாலும் பாதிப் பேரு 'எங்க மாமியாரைக் கேக்கணும்'பாங்க. அடுத்த வருஷம் ரத்தமே இல்லாம வயித்தத் தள்ளிக்கிட்டு வந்து நிப்பாங்க. அப்ப அந்த உசிருக்கு யாரு பதில் சொல்றது?"

இதைக் கேட்டால் வாய் அடைத்துத்தான் போகிறது. அடுத்தடுத்த பிரசவம், ரத்தசோகை, இவை எத்தனை பெண்களைக் கொண்டுபோயிருக்கிறது என்று என்னைவிட அவருக்குத் தெரியும். காப்பர் டி நல்ல சாதனம்தான். லட்சக்கணக்கான பெண்கள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

ஆனாலும் மூன்று விஷயம் எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, சாதாரண லாப நஷ்டக் கணக்கு. காப்பர் டி உள்ளே இருப்பது தெரியாத பெண்ணுக்கு ரத்தப்போக்கு எதனால் என்று தெரியாது. யாரிடம் போக வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று தெரியாது. அதாவது, அவளிடம் சொல்வது மரியாதைக்காகக் கூடுதலாகச் செய்யும் உபசாரம் இல்லை. வைத்தியத்தில் பாதி அதுதான்.

இரண்டாவது, நம்பிக்கை. "இப்ப என்ன பண்றே?" என்று அக்கா கேட்டார். "எடுத்தாச்சு. இப்ப ஒண்ணும் பண்ணலீங்க. பயமா இருக்கு" என்றாள். அவள் வரிசையில் இருக்கும் பெண்களிடமும் சொல்லியிருக்கிறாள். இனி அவர்களில் எத்தனை பேர் நம்பிப் போவார்கள்? 1965-ன் லூப் கதைதான். கேட்காமல் மிச்சம் பிடித்த இரண்டு நிமிஷத்துக்கு இவ்வளவு விலை.

மூன்றாவதுதான் முக்கியம். விளைவு ஒன்றாகவே இருந்தாலும், நான் தேர்ந்தெடுத்ததும் எனக்குச் செய்யப்பட்டதும் ஒன்றில்லை. உங்கள் சட்டைப்பையிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் ஆயிரம் ரூபாய் எடுத்து உங்கள் பேங்க் கணக்கிலேயே ஒருவர் போடுகிறார் என்று வையுங்கள். உங்களுக்கு நஷ்டம் ஒரு பைசா இல்லை. ஆனாலும் கோபம் வருமா வராதா? மனிதனை ஒரு காரியத்துக்கான கருவியாக மட்டும் நடத்தாதே என்று காண்ட் சொன்னதைப் புரிந்துகொள்ள ஜெர்மன் தத்துவம் படிக்க வேண்டியதில்லை. நம் பையில் ஒருவர் கைவிட்டால் போதும்.

நேரமில்லை என்ற காரணத்தையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். அதே சாலையில், அவள் தரை துடைக்கும் அதே கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் இன்ஜினீயர் பிரசவத்துக்குப் போகிறார். அவர் உடம்புக்குள் அவரைக் கேட்காமல் ஏதாவது வைப்பார்களா? கனவிலும் மாட்டார்கள். அங்கேயும் டாக்டர்களுக்கு நேரமில்லைதான். ஆனால் கேட்பார்கள். யாரிடம் கேட்டே ஆகவேண்டும், யாரிடம் கேட்காமலும் முடித்துவிடலாம் என்று நமக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. சேலையைப் பார்த்து, செருப்பைப் பார்த்து, பேச்சைப் பார்த்து அந்தக் கணக்கைப் போடுகிறோம். டாக்டர்கள் மட்டுமில்லை, நாம் எல்லோரும்.

சேவையின் தரம் என்பதை அளக்க 1990-ல் ஜூடித் புரூஸ் என்பவர் ஆறு அம்சங்களைச் சொன்னார். உலகம் முழுக்க இன்றும் அதைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள். நம் பாஷையில் போட்டால் இப்படி வரும்: நாலு வழி காட்டினார்களா? விவரம் சொன்னார்களா? கைத்திறமை இருந்ததா? மனுஷியாக நடத்தினார்களா? பிறகு திரும்பிப் பார்த்தார்களா? அவள் வரக்கூடிய நேரத்தில், இடத்தில் கிடைத்ததா?

ஆறில் ஒன்றுதான் ஆபரேஷன் தியேட்டர் சம்பந்தப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

இதைக் கண்ணகி நகர், பெரும்பாக்கம், செம்மஞ்சேரி மாதிரி குடியிருப்புகளுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் கணக்குப்படி ஐம்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். காகிதத்தில் நல்ல கணக்கு. ஆனால் விடிவதற்கு முன் தண்ணீர் பிடித்து, சமைத்து, ஏழு மணி பஸ்ஸில் ஏறி, இருட்டின பிறகு திரும்புகிறவள் எப்போது போவாள்? ஒருநாள் போனால் ஒருநாள் கூலி போச்சு. ஒரே அறை வீடு. மாத்திரையை எங்கே வைப்பாள்? புருஷனிடம் நிரோத் பேச்சை எப்படி எடுப்பாள்? மூன்று மாசத்துக்கு ஒரு ஊசி 'அந்தரா'வும், வாரம் ஒரு மாத்திரை 'சாயா'வும் 2017 முதல் அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. சாயா, நம் லக்னோ ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டுபிடித்த ஹார்மோன் இல்லாத மாத்திரை. இந்தப் பெண்ணுக்கு இரண்டின் பெயரும் தெரியவில்லை. காரணம், யாரும் சொல்லவில்லை.

கேட்கவேண்டியது அவளை மட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாமியாரை அல்ல, புருஷனை அல்ல. ஆஸ்பத்திரி கேட்காதது மாதிரியே வீடும் கேட்பதில்லை. வரிசையாகப் பெண் பிறந்தால் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைக்கிற வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அந்தப் 'போதும்', பெற்றவளின் 'போதும்' இல்லை. இன்னும் ஆண் பிறக்கவில்லை என்கிற குடும்பத்தின் முணுமுணுப்பு. 2011 கணக்கெடுப்பில் இதே அரியலூர் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 897 மட்டுமே. மீதிப் பெண் குழந்தைகள் எங்கே என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. தொகுதி மறுவரையறையில் நம் எம்.பி. எண்ணிக்கை குறைந்துவிடும் என்ற கவலையில், புதுமணத் தம்பதிகள் தாமதிக்காமல் குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று 2025 மார்ச்சில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் நாகப்பட்டினத்தில் பேசினார். ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு அதற்கு முன்பே ஆரம்பித்திருந்தார். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் அரை நூற்றாண்டாக 'பெறாதே' என்று கேட்ட பெண், இனி 'பெறு' என்று கேட்கப்போகிறாள். இரண்டிலும் கணக்கு வேறு யாருடையதோ. கேட்டுச் செய்யும் பழக்கத்தை நாம் இப்போதாவது பழகாவிட்டால், நாளைக்கு காப்பர் டியை எடுக்க வருகிறவளிடமோ போடச் சொல்லி வருகிறவளிடமோ அதே அலட்சியம்தான் இருக்கும். திசை மட்டும் மாறியிருக்கும்.

அக்கா ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அப்பல்லாம் டார்கெட். மார்ச் மாசம் வந்தாலே எனக்குத் தூக்கம் வராது. இத்தனை கேஸ் குடுத்தாகணும். தொண்ணூத்தாறுல டார்கெட்டை எடுத்தாங்க. ஆனா மனசுலேருந்து எடுக்க நாளாச்சு. நான் கூட்டிட்டுப் போன பொண்ணுங்க எல்லார்கிட்டயும் கேட்டுட்டுத்தான் கூட்டிட்டுப் போனேனான்னு யோசிக்கிறேன். சம்மதிக்க வெச்சேன். கேட்டேனான்னு தெரியல."

பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "பாப்பா, இப்ப உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றார்.

அவள் முழித்தாள். இப்படி ஒரு கேள்வி அவளுக்குப் பழக்கமில்லை போலிருக்கிறது.

அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். ஊசி எப்படி, மாத்திரை எப்படி, எதில் என்ன தொந்தரவு வரும், எது வந்தால் பயப்பட வேண்டாம், எது வந்தால் ஓடிவர வேண்டும். பழைய காப்பர் டியைப் பற்றியும் சொன்னார். அவள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். உடம்பு பெருத்துவிடுமா, பால் வற்றிவிடுமா, பிறகு குழந்தை வேண்டுமென்றால் வருமா. கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

கடைசியில், "யோசிச்சுச் சொல்றேன் நர்சம்மா" என்றாள்.

பழைய நர்சம்மாவாக இருந்தால் விட்டிருக்கமாட்டார். "யோசிக்க என்ன இருக்கு?" என்று கையைப் பிடித்து இழுத்திருப்பார். அன்றைக்கு, "சரி, யோசி. என் நம்பரை வாங்கிக்கோ" என்றார்.

அதற்குள் பிரசாத வரிசை நகர ஆரம்பித்துவிட்டது. அவள் தூக்குவாளியை நீட்டினாள். சோறு போட்டவர் இரண்டு கரண்டி போட்டுவிட்டு, அத்தனை கூட்டத்திலும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "போதுமாம்மா?" என்றார்.

"இன்னும் ஒரு கரண்டி" என்றாள். போட்டார்.

"போதும்."